ஊர் தேடி வருகிறவரிடம் சாதி கேட்காதீர்கள்

தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒருவர், “எங்கள் குடும்பப் பெயர் மூன்சாமி. பூர்வீக ஊர் எது?” என்று கேட்டால், நம்மவர்களின் முதல் கேள்வி: “நீங்க என்ன ஆளுங்க?” இது மரியாதையே இல்லை என்பேன்.

1860-இல் டர்பனுக்கு முதல் கப்பல் போனது. ஒப்பந்தக் கூலிகளின் பெயர்கள் குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் ஏறின. முனுசாமி மூன்சாமி ஆனார். பலருக்கு அப்பா பெயரே குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

“ஊரைக் கண்டுபிடிக்கத்தானே சாதி கேட்கிறோம்” என்பது வெறும் சாக்கு. கப்பல் எது, எந்த வருஷம், பதிவு எண் என்ன என்று கேளுங்கள். எண் கிடைத்தால் கப்பல் பட்டியலிலேயே தகப்பன் பெயர், கிராமம், தாலுகா பெரும்பாலும் இருக்கும்.

நாலு தலைமுறை கழித்து வருகிறவருக்கு வழி சொல்லுங்கள். வாசலிலேயே நிறுத்தி விசாரிக்காதீர்கள்.