கப்பலைக் கட்டிப்போட்டுக் கூலி வாங்கினார்கள்! நாம்?



வங்கிகளுக்கு 9,000 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்துவிட்டு 2016 மார்ச்சில் நாட்டைவிட்டுப் போனார் விஜய் மல்லையா. அவர் கப்பல் என்று உலகமே அறிந்த சொகுசுக் கப்பல் ‘இந்தியன் எம்ப்ரஸ்’. நீளம் 95 மீட்டர். கப்பல் வாங்கினால் மட்டும் போதுமா? டீசல், துறைமுக வாடகை, காப்பீடு, மாலுமி சம்பளம்... யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்!

2017 செப்டம்பரிலிருந்து 40-க்கும் மேற்பட்ட தொழிலாளிகளுக்குச் சம்பளம் இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? முதலாளி வீட்டு வாசலில் கைகட்டி நிற்கவில்லை. 2018 மார்ச்சில் சங்கத்தோடு மால்டா நாட்டு நீதிமன்றம் போனார்கள். கப்பலையே பிடித்துக் கட்டிப்போட்டார்கள்! அந்த வருசமே அது 3.5 கோடி யூரோவுக்கு விலைபோனது. கப்பல் சட்டம் அப்படி: முதலாளி எங்கே ஓடினாலும் மாலுமி கூலி கப்பல் மேலேயே நிற்கும். அடமானம் வாங்கின வங்கிகூட அதுக்குப் பின்னாடிதான்.

நமக்கு என்ன இருக்கு? வெட்டின கரும்புக்கு 14 நாளில் பணம், தவறினால் 15 சதவீத வட்டி என்று உத்தரவிலேயே எழுதிவைத்தார்கள். அந்த வட்டியைக் கண்ணால் பார்த்தவர் யார்? நாம் டிராக்டர் தவணை ரெண்டு கட்டலேன்னா வாசலுக்கே ஆள் வருது. நம்ம கரும்பில் காய்ச்சின சர்க்கரையோ ஆலைக் கிடங்கில் வங்கி அடமானமாய்க் கிடக்குது!

கேட்பது சலுகை அல்ல. மாலுமி கூலிக்கு உள்ள முதல் உரிமை கரும்புப் பாக்கிக்கும் வேண்டும்! கிடங்குக்கு முதல் பூட்டு நம்ம பூட்டு!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! பாக்கியை வாங்காமல் ஓயமாட்டோம்!