அடுக்கில் ஓரிடம், அடைவில் பலவிடம்

இசுலாமியத் தமிழ் நூல்களுக்கெனத் தனி நூலகம் காண்பது போற்றத்தக்க பணியே. ஆயினும், நூல்களைத் திரட்டி அலமாரியில் அடுக்கியதோடு அப்பணி நிறைவுற்றதெனக் கருதுவதற்கில்லை. தேடுவார் கைக்கு எட்டாத நூல், இருந்தும் இல்லாததே.

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்களின் 'மகானி'யை எடுத்துக்கொள்வோம். மொழி தமிழ், எழுத்து அரபு, பொருள் மார்க்கச் சட்டம். தூயி தசமப் பகுப்பில் 297 இசுலாத்திற்கும், 894.811 தமிழிலக்கியத்திற்கும் உரியவை. 297இல் வைத்தால் தமிழ் மாணவர் அப்பக்கம் செல்லார். எழுத்தை மட்டும் நோக்கி அரபு நூல்களோடு சேர்த்துவிட்டாலோ, அது தமிழ்நூல் என்பதே மறைந்துபோகும்.

இவ்விடர்ப்பாட்டிற்கு வழிகண்டவர் நம் மண்ணினரே. சீர்காழியில் 1892இல் பிறந்து, கணிதம் கற்பித்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். அரங்கநாதன் 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்டார். ஆயத்த எண்ணொன்றில் நூலை அடக்காது, அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பின் கோப்பது அம்முறை. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்து முகங்களை அவர் வகுத்தார். கோலன் எண்கள் நீண்டு மிரட்டுவன என்பது மெய்யே. எண்களை விடுத்து எண்ணத்தைக் கொண்டாலே நமக்குப் போதும். மொழி, எழுத்து, இலக்கிய வகை, பொருள், ஊர், காலம் என ஆறு முகங்களை ஒவ்வொரு நூலுக்கும் குறிப்போமாயின், எவ்வழி வருவாரும் அந்நூலை அடைவர்.

இனிப் பொருளடைவு. ஆலிப் புலவரின் 'மிகுராசு மாலை'யைத் தேடும் இக்கால மாணவர் 'மிஃராஜ்' என்றே எழுதுவார். வேறொருவர் 'விண்ணேற்றம்' என்பார். கணினி இருக்கக் கவலை ஏன் என்பாரும் உளர். கணினி எழுத்தைத் தேடுமேயன்றி, இம்மூன்றும் ஒன்றென்பதைத் தானே அறியாது. ஒன்றைத் தலைப்பாக நிறுத்தி, ஏனையவற்றிற்குக் 'காண்க' குறிப்பிடுதல் மனிதர் செய்யவேண்டிய வேலை. தொழுகைக்கும் ஸலாத்துக்கும் இதுவே முறை. கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் ஆகியவற்றையெல்லாம் 'சிற்றிலக்கியம்' என்னும் ஒரே மூட்டையில் கட்டிவைப்பதை நாம் ஒருபோதும் ஒப்போம்.

நூலகர் ஒருவரே இதனைச் செய்துமுடித்தல் இயலாது. அரபுத்தமிழ் படிக்கவல்ல ஆலிம்களும் முதியோரும் நம்மிடையே உள்ளபோதே, தமிழ்த்துறை மாணவர் அவர்களருகே அமர்ந்து, நூலுக்கொரு அட்டையாக எழுதத் தொடங்குதல் வேண்டும். முதற்கண் அரபுத்தமிழ் நூல்கள். அச்சில் வந்த பிற நூல்கள் சற்றுக் காத்திருக்கலாம்.