தடித்த எழுத்தில் ஒரு 6.9

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்திருப்பீர்கள். கொழுப்பு கொஞ்சம் கூடினாலும் தடித்த எழுத்து. இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய 6.9 பொட்டாசியத்துக்கும் அதே தடித்த எழுத்து. நடுராத்திரி வார்டில் தனியாக நிற்கும் பயிற்சி மருத்துவர் கண்ணில் எது முதலில் படும்? உயிருக்கு ஆபத்தான அளவை டாக்டரை உடனே கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்று லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து நோயியல் மருத்துவர் ஜார்ஜ் லண்ட்பெர்க் எழுதியது 1972-இல். இன்று பல ஆஸ்பத்திரிகளில் லேபிலிருந்து ஃபோன் வருகிறது. கேட்டவர் எண்ணைத் திருப்பிப் படித்துக் காட்டவும் வேண்டும். நல்லதுதான். ஆனால் ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும். ‘சாம்பிள் சிதைந்திருக்கிறது, மறுபடி எடுங்கள்’ என்ற வரியோ அடிக்குறிப்பில், எறும்பு எழுத்தில் கிடக்கிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் எண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். லேபின் லோகோவைக் கீழே தள்ளிக்கொள்ளட்டும்.