விலைகொடுத்து வாங்கும் அச்சம்

சென்ற ஆண்டு விடுமுறைக்குக் கனடாவினின்றும் வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், வெள்ளவத்தையிலுள்ள தம் தமையனார் இல்லத்தில், கைத்தொலைபேசியிற் படமொன்றை எமக்குக் காட்டினார். அவருடைய மகள் றோலர் கோஸ்ரரில் ஏறிய படம் அது. "மாஸ்டர், இதுகள் பயப்பிடுறதுக்கும் காசு குடுக்குதுகள்" என்று சலித்துக்கொண்டார். கூடியிருந்த பெரியோர் யாவரும் தலையசைத்தனர். எமக்கு அக்கருத்து உடன்பாடன்று. அன்று விருந்தினராகையால் வாளாவிருந்தோம். மலர்க்குழுவினர் இடந்தந்தமையால் இன்று கூறுகின்றோம்.

ரொறன்ரோவுக்கு வடக்கே, வோன் நகரில் 1981 இல் திறக்கப்பட்டது கனடாஸ் வொண்டர்லாண்ட் என்னும் களிப்புப் பூங்கா. அங்கே 2019 முதல் ஓடுவது 'யூக்கோன் ஸ்ரைக்கர்'. உருக்குத் தண்டவாளத்தில் ஓடும் அவ்வண்டிக்கு இயந்திரம் இல்லை. சங்கிலியொன்று அதனை 68 மீற்றர் உயரத்துக்கு இழுத்துச் செல்லும். உச்சியின் விளிம்பிலே, அமர்ந்திருப்போர் கீழ்நோக்கித் தொங்க, 3 விநாடி நிறுத்திவைக்கும், பின்னர் விட்டுவிடும். அப்பால் எல்லாம் புவியீர்ப்பின் செயலே. 90 பாகைச் செங்குத்தில் 75 மீற்றர் வீழ்ச்சி. வேகம் மணிக்கு 130 கிலோமீற்றர். ஏறிய உயரத்தினும் வீழ்ச்சி மிகுதியாயிருப்பது அச்சுப்பிழையன்று. நீரின்கீழ் அமைந்த சுரங்கத்துள் வண்டி பாய்கின்றது. தண்டவாளத்தின் மேலும் பக்கமும் அடியுமாக மூவகைச் சில்லுகள் கவ்வியிருத்தலின் அது கழலாது. அடிச்சில்லுக்கு 1919 இலே காப்புரிமை பெற்றவர் ஜோன் மில்லர் என்னும் அமெரிக்கர்.

அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்பர் தொல்காப்பியர்: தெய்வம், கொடுவிலங்கு, கள்வர், அரசன். நான்கும் தாமே வந்து நம்மைப் பற்றுவன. நாம் வரிசையில் நின்று சீட்டு வாங்குவன அல்ல. படத்திலிருந்த பெண் வாங்கியது இவற்றுள் அடங்காத ஐந்தாவது அச்சம். அதன் முடிவு முன்னரே தெரியும். மூன்றரை நிமிடத்தில் வண்டி புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும்.

அவள் தந்தையார் அறிந்த அச்சம் வேறு. 1983 ஆடியிற் கொட்டாஞ்சேனை வீட்டைவிட்டு ஓடியபோது அவருக்கு வயது பன்னிரண்டு. நாம் அப்போது தாய்மடிக் குழந்தை. அயல்வீட்டுக் குளியலறையில் அன்னையார் எம் வாயைப் பொத்தியபடி இருந்தாராம். அந்த அச்சம் எப்போது முடியுமென்று சொல்வார் எவருமிலர். இந்துக் கல்லூரி வளவும் அகதி முகாமான காலம் அது.

ஆதலின், அச்சத்தை விளையாட்டாகக் கொள்ள வல்ல பிள்ளையைக் கண்டு நாம் ஏன் சலிக்கவேண்டும்? தடுப்புக்கட்டை கழலாது, பூட்டியவன் கடமை தவறான் என்று நம்புபவளே உச்சியிற் கூவிச் சிரிப்பாள். அந்த நம்பிக்கையைத் தேடியன்றோ இவர் கப்பலும் விமானமும் ஏறினார்? (இங்கே களியாட்டங்களில் இரவோடிரவாகப் பூட்டப்படும் இராட்டினங்களை யாம் இதனோடு ஒப்பிடோம், எம் மாணவரை அவற்றில் ஏற்றவும் ஒருப்படோம்.)

மகளிடத்தும் எமக்கு ஒரு குறையுண்டு. படத்தின் இறுதியில், "அப்பா, நீங்கள் சரியான பயந்தாங்கொள்ளி" என்று அவள் நகைக்கின்றாள். கொட்டாஞ்சேனைக் கதையை அவளுக்குச் சொன்னதுண்டா என்று வினவினோம். இல்லை என்றார், பிள்ளைக்கு அது எதற்கு என்றார்.

அவள் மேலே நின்ற அந்த மூன்று விநாடியும் நீர் என்ன செய்தீர் என்றும் கேட்டோம். பைகளையும் அவள் மூக்குக்கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாது நின்றாராம்.