தீப்பெட்டி இருக்கா பாஸ்?

கும்மிடிப்பூண்டி ட்ரெயின்ல காலேஜ் போற மக்களே, ஒரு கேள்வி. திருவொற்றியூர் தாண்டினதும் 'விம்கோ நகர்'னு போர்டு வருதே, யாரு அந்த விம்கோ? ஏதோ தலைவர் பேருன்னு நினைச்சிருந்தா, ஸாரி! 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி'யோட சுருக்கம் அது. தீப்பெட்டி கம்பெனி! 1923-ல் பம்பாய் பக்கம் ஆரம்பிச்சு, அப்புறம் நம்ம ஏரியாவுக்கும் வந்துச்சு. (வங்கக் கடலோரம் 'மேற்கு இந்தியா' வந்த கதை இதான்!) முதலாளிங்க ஸ்வீடன்காரங்க. 2005-ல் ஐ.டி.சி. கைக்குப் போயிடுச்சு. பேர் மட்டும் ஸ்டேஷன்ல நிக்குது. 2021-ல் மெட்ரோவுக்கும் அதே பேர்தான்.

1855-ல் பாரீஸ்ல நடந்த உலகக் கண்காட்சியில ஸ்வீடன் தீப்பெட்டிக்கு மெடல் கிடைச்சது. அப்புறம் அந்த ஊர் கம்பெனிங்க, வாங்கின மெடலையெல்லாம் லேபிள்லயே அச்சடிச்சு வித்தாங்க. பாக்கெட்ல போற குட்டி விளம்பரம்! அதைச் சேர்க்கிற ஹாபிக்கு 'பிலுமெனி'ன்னு பேரு.

நாம எதைத் தேடலாம்? விம்கோவோட 'ஷிப்', சிறுத்தையோட ஒருத்தர் மல்லுக்கட்டுற 'சீட்டா ஃபைட்'. கூடவே, அதை அப்படியே காப்பியடிச்சு, பேர்ல ஒரு எழுத்தை மாத்தி வந்த டூப்ளிகேட்டுகள். என்னைக் கேட்டா, ஒரிஜினலைவிட டூப்ளிகேட்டுலதான் கிக் ஜாஸ்தி! ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, சிரிப்பு வரும். வயசு கண்டுபிடிக்க விலையைப் பாருங்க: ஐம்பது காசுன்னா 2007-க்கு முன்னாடி. ஒரு ரூபாய்னா 2021 டிசம்பருக்கு முன்னாடி. இப்ப ரெண்டு ரூபாய்.

மரச்சில்லு பெட்டின்னா தண்ணியில ஊறப்போடுங்க, லேபிள் தானா கழண்டுடும். வெள்ளைத் தாள் நடுவுல காய வையுங்க, நியூஸ்பேப்பர் வேணாம், மை ஒட்டிக்கும். அட்டைப்பெட்டின்னா நனைக்காதீங்க, பிரிச்சுத் தட்டையாக்கினா போதும். லேமினேஷன்? ப்ளீஸ், வேணவே வேணாம்.

எங்க ஆயா ஊக்கு, பட்டன் எல்லாம் பழைய தீப்பெட்டிகள்லதான் போட்டு வெச்சிருந்தாங்க. ஒரு போகிக்கு, மேளம் தட்டிக்கிட்டே, அந்தப் பெட்டிகளை நெருப்புல தூக்கிப் போட்டது நான்தான். ஊக்கை மட்டும் பத்திரமா எடுத்து வெச்சேன்!

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கோ? ஏறிப் பாருங்க. தாத்தா யாராச்சும் விம்கோவில வேலை பார்த்தவரா இருந்தா, முதல்ல அவர்கிட்ட போய் உட்காருங்க. பெட்டியை அப்புறம் தேடிக்கலாம்.