புது லாரியில் ஷாக் அப்சர்பர் லீக்... வாரண்டியில் மாற்றித் தர மறுத்தால் என்ன வழி?

வண்டி வாங்கி ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் ஷாக் அப்சர்பரிலிருந்து ஆயில் வடிந்து, அதன்மேல் புழுதி அப்பிக் கறுத்துக் கிடக்கும். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், "இது தேய்மானம்ணே, வாரண்டியில வராது" என்பார்கள். இல்லையென்றால், "ஓவர்லோடு அடிச்சிருக்கீங்க" என்பார்கள். மாதத் தவணையை நினைத்துக்கொண்டு, கைக்காசைப் போட்டு மாற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள் பல டிரைவர்கள்.

ஆனால், மறுப்பைக் கேட்டதும் கிளம்பிவிட வேண்டியதில்லை. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவருக்குச் சட்டம் தனிப் பாதுகாப்பு தருகிறது. அதைப் பயன்படுத்த முடியுமா என்பது பெரும்பாலும் முதல் நாள் சர்வீஸ் சென்டரில் எழுதப்படும் ஒரு தாளைப் பொறுத்தது.

எது லீக், எது வெறும் கசிவு?

ஷாக் அப்சர்பருக்குள் ஆயில் இருக்கிறது. ஒரு பிஸ்டன் தண்டு அதற்குள் மேலும் கீழும் போய்வரும். ஆயில் வெளியே வராமல் தடுப்பது மேலே இருக்கும் ஆயில் சீல். தண்டு போய்வரும்போது மெல்லிய படலமாகக் கொஞ்சம் ஆயில் வெளியே வருவது சகஜம். இதை லீக் என்று எந்த நிறுவனமும் ஏற்காது.

உடல் பகுதி முழுக்க ஈரமாகி, கோடு கோடாக வழிந்து, சொட்டு நிற்கிறதா? அதுதான் லீக். சந்தேகம் இருந்தால் எளிய வழி ஒன்று உண்டு. துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பார்க்கலாம். மறுபடியும் வழிந்திருந்தால் சீல் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். துடைப்பதற்கு முன்னும் பின்னும் போட்டோ எடுப்பதும், கிலோமீட்டர் மீட்டரைச் சேர்த்து எடுப்பதும் பின்னால் உதவும்.

மாற்றாமல் ஓட்டினால் என்ன?

சுமையைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டைதான். அதன் ஆட்டத்தை அடக்குவதுதான் ஷாக் அப்சர்பரின் வேலை. ஆயில் குறைந்தால் வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும். பிரேக் பிடித்தால் முன்பக்கம் குத்தும். சக்கரம் சாலையை விட்டுத் துள்ளுவதால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடலாம். டயர் மேடும் பள்ளமுமாகத் தேயும். ஷாக் அப்சர்பருக்கு ஆகும் செலவைத் தள்ளிப்போட்டவர் கடைசியில் டயருக்கும் சேர்த்துச் செலவழிக்க நேரும்.

நிறுவனம் எதைச் சொல்லி மறுக்கும்?

வாரண்டி என்பது பொதுவாகத் தயாரிப்புக் குறைபாட்டுக்கு மட்டும்தான். தேய்மானம், விபத்து, ஓவர்லோடு, வெளியில் செய்த மாற்றங்கள் ஆகியவை அதில் சேராது. பிரச்சனை என்னவென்றால், சீல் தானாகப் போனாலும் ஆயில்தான் வடியும், சுமை தாங்காமல் போனாலும் ஆயில்தான் வடியும். ஆயிலை மட்டும் பார்த்துக் காரணம் சொல்ல முடியாது.

அதனால் வேறு அடையாளங்களைப் பார்க்க வேண்டும். தண்டு வளைந்திருக்கிறதா? உடல் பகுதியில் அடிபட்ட நசுங்கல் இருக்கிறதா? ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறதா? இவை இருந்தால் நிறுவனத்தின் வாதம் பலமாகும். எதுவும் இல்லாமல், குறைந்த கிலோமீட்டரில் சீல் மட்டும் போயிருந்தால் வண்டிக்காரர் பக்கம் நியாயம் கூடும்.

ஓவர்லோடு என்று சொன்னால், எந்த ஆதாரத்தை வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்கலாம். எடை மேடை ரசீது, இ-வே பில், லோடு ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைத்திருப்பவர், ஏற்றிய எடை ஆர்.சி.யில் உள்ள அளவுக்குள்தான் என்று காட்ட முடியும். இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அளவை மீறி ஏற்றும் பழக்கம் இருந்தால் அதே ரசீதுகள் எதிராகத் திரும்பும். மோட்டார் வாகனச் சட்டப்படி ஓவர்லோடுக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலாக ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய்.

ஜாப் கார்டுதான் சாட்சி

"முன்பக்கம் சத்தம்" என்று மட்டும் ஜாப் கார்டில் எழுதிவிட்டால், பின்னாளில் லீக் பற்றி வாதாடுவது கஷ்டம். "முன் இடது ஷாக் அப்சர்பரில் ஆயில் லீக்" என்று, தேதியும் கிலோமீட்டரும் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். நகலைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். வாரண்டி முடியச் சில நாட்களே இருந்தால் இது இன்னும் முக்கியம். புகார் வாரண்டிக் காலத்துக்குள் பதிவானது என்பதற்கு அதுதான் ஆதாரம்.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். தர மறுத்தால், நடந்ததைச் சொல்லி நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு அன்றே இமெயில் அனுப்பலாம். அதற்கு முன் வெளி மெக்கானிக்கிடம் கழற்றினால், "வெளியில் கை வைத்துவிட்டார்கள்" என்ற புதுக் காரணம் கிடைத்துவிடும். அவசரத்துக்கு வெளியில் மாற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால், பழைய ஷாக் அப்சர்பரைத் தூக்கிப் போடக் கூடாது. பில்லோடு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஒரே ஆக்சிலில் இரண்டு பக்கமும் ஜோடியாக மாற்றுவதுதான் நல்லது என்பது மெக்கானிக்குகளின் வழக்கம். ஆனால் லீக் ஆன ஒன்றுக்கு மட்டும்தான் வாரண்டி என்று நிறுவனம் சொல்லலாம். வேலை தொடங்கும் முன்பே இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

லாரி வைத்திருப்பவர் நுகர்வோரா?

"இது வியாபார வண்டி, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். பாதிதான் உண்மை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோராக ஏற்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கி, தானே பயன்படுத்துபவருக்கு அதில் விலக்கு இருக்கிறது.

கோவை பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் தொடர்பான வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் நுகர்வோர் அல்ல என்று முடிவானது. ஆனால் லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவர் நுகர்வோர்தான் என்று அதே தீர்ப்பு சொன்னது. துணைக்கு ஓரிரு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்த உரிமை போகாது. வண்டியை முழுக்க வேறொருவர் ஓட்ட, உரிமையாளர் வீட்டில் இருந்தால் நிலைமை வேறு. சம்பள டிரைவர்களை வைத்துப் பல லாரிகள் ஓட்டுபவருக்கு இந்த விலக்கு கிடைப்பது கடினம். அவர் சிவில் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

எங்கே புகார் செய்வது?

முதல் படி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பேசித் தீர்க்க முயற்சி செய்வார்கள், உத்தரவு போட மாட்டார்கள்.

அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் இங்கேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய், 50 லட்சம் வரை 1,000 ரூபாய். வண்டி எந்த ஊரில் வாங்கியிருந்தாலும், வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். ஆன்லைனிலும் வழி உண்டு. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. பிரச்சனை எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும்.

டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். தேவைப்பட்டால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடும். பழைய ஷாக் அப்சர்பரைப் பத்திரமாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆய்வு தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்படும் வழக்கை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் தாமதமாவதும் உண்டு.

வண்டி நின்ற நாட்களின் வாடகை இழப்பை வாரண்டியில் தருவதில்லை என்றே பெரும்பாலான நிறுவனங்கள் எழுதியிருக்கும். ஆனால் நியாயமில்லாமல் மறுத்தது நிரூபணமானால் ஆணையம் இழப்பீடு வழங்க முடியும். அதைக் கேட்பவர், எத்தனை நாள் வண்டி நின்றது, எந்த லோடு தவறியது என்று தேதியோடு குறித்து வைத்திருக்க வேண்டும்.