கொப்பி மறைந்த கணிதமும் கைகட்டி நிற்கும் பெற்றோரும்

ஒஸ்லோவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் பாடங்களுள் ஒன்று மட்டும் நீண்டகாலமாக அந்நியமாய்த் தோன்றியதில்லை. அது கணிதம். நோர்வீஜிய மொழிப் பாடத்தில் தடுமாறிய தந்தையும், சமூகக்கல்விக்குப் பிள்ளையிடமே விளக்கம் கேட்ட தாயும், கணிதக் கொப்பியை விரித்தவுடன் ஆசிரியராக மாறினர். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கற்ற வாய்பாடும் பின்னமும் குறூறுட்டாலன் பகுதியின் அடுக்குமாடி வீடுகளிலும் செல்லுபடியாகின. மொழி வராதவரும் எண்களை வாசிக்க முடியும் என்பதே அதற்குக் காரணம்.

இன்று அந்தக் கொப்பி பல வீடுகளில் மறைந்து வருகின்றது. அதன் இடத்தில் ஐபேட் அல்லது மடிக்கணனி இருக்கின்றது. வீட்டுப்பாடம் என்பது, கணித மென்பொருளில் இத்தனை நிமிடம் பயிற்சி செய்க என்ற ஒரு வரியாகச் சுருங்கிவிடுகின்றது. பெற்றோரின் ஆதங்கம் இங்கேதான் தொடங்குகின்றது.

இம்மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 2006 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் பேச்சு, வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றுடன் கணனித் திறனையும் ஐந்தாவது அடிப்படைத் திறனாகப் பாடத்திட்டத்தில் சேர்த்தது. 2020 இல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டம் கணினி நிரலாக்கத்தைக் கணிதப் பாடத்துக்குள் கொண்டுவந்தது. கில்டெண்டல் பதிப்பகத்தின் 'மல்டி ஸ்மார்ட் ஓவிங்' போன்ற, பிள்ளைக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளும் மென்பொருட்கள் ஆரம்பப் பாடசாலைகளில் இடம்பிடித்தன. விடை சரியாயின் கடினமான கணக்கும், பிழையாயின் இலகுவான கணக்கும் அடுத்து வரும். இதுவே அவற்றின் அடிப்படை.

இவற்றின் நன்மையை மறுப்பது நேர்மையாகாது. ஒரு வகுப்பிலுள்ள அத்தனை பிள்ளைகளின் விடைகளையும் ஆசிரியர் ஒருவரால் உடனுக்குடன் திருத்த இயலாது, மென்பொருளால் இயலும். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை எவருக்கும் அஞ்சாமல் மீண்டும் மீண்டும் முயன்று பார்க்கலாம். ஆகவே, கணனி வேண்டுமா வேண்டாமா என்பதன்று இங்குள்ள வினா. கணனி காண்பது எதை, காணாமல் விடுவது எதை என்பதே வினா.

விடையை மட்டும் கேட்கும் மென்பொருள் விடையை மட்டுமே காண்கின்றது. அந்த விடைக்கு வந்த வழியை அது காண்பதில்லை. கைதவறி விசையை அழுத்திய பிள்ளையும், பின்னத்தையே விளங்கிக்கொள்ளாத பிள்ளையும் அதன் முன் ஒன்றுதான். கொப்பியிலோ அழித்து எழுதிய இடமும், கடன் வாங்க மறந்த இலக்கமும் அப்படியே தெரியும். பிழை எங்கே பிறந்தது என்பதைத் தாயின் விரல் தொட்டுக் காட்டும்.

சரியான விடைக்குப் பின்னாலும் பிழையான விளக்கம் ஒளிந்திருக்கலாம் என்பதற்குக் கணிதக் கல்வியுலகம் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. 1973 இல் அமெரிக்காவில் ஸ்டான்லி எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர், பென்னி என்று பெயர் குறித்த 12 வயது மாணவனைப் பற்றி எழுதினார். ஒவ்வொரு மாணவனும் தன் வேகத்தில் தாள்களைச் செய்து முன்னேறும் திட்டம் ஒன்றில் பென்னி கற்றான். சோதனைகளில் நல்ல புள்ளி பெற்று முன்னணியில் நின்றான். ஆனால், அருகிலிருந்து உரையாடியபோது, பத்தில் ஐந்து என்ற பின்னத்தை அவன் 1.5 எனத் தசமமாக்கியது தெரியவந்தது. மேலும் கீழும் உள்ள எண்களைக் கூட்டிப் புள்ளியிடுவதே அவன் தானாக வகுத்துக்கொண்ட விதி. அத்திட்டம் கணனியில் நடந்ததன்று. எனினும் விடையை மட்டும் பார்க்கும் இன்றைய மென்பொருளுக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

விளையாட்டாகக் கற்பிக்கும் மென்பொருளும் இதற்கு விலக்கன்று. நோர்வேயில் உருவாகி உலகப் புகழ்பெற்ற 'டிராகன்பொக்ஸ்' என்ற இயற்கணித விளையாட்டையும், வேறொரு பயிற்சி மென்பொருளையும் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். விளையாடிய மாணவர் அதிகம் மகிழ்ந்தனர்; ஆனால் சமன்பாடுகளைத் தீர்க்கும் சோதனையில் மற்றைய குழுவினரே மேலோங்கினர். திரையில் சேரும் நட்சத்திரங்களைக் கண்டு நிம்மதியடையும் பெற்றோர் இதைக் கவனத்திற் கொள்ளல் வேண்டும்.

நோர்வேயின் பெறுபேறுகளும் சிந்திக்க வைக்கின்றன. 15 வயதினருக்கான பீசா ஆய்வில் இந்நாட்டின் கணிதப் புள்ளி 2018 இல் 501 ஆக இருந்து 2022 இல் 468 ஆகச் சரிந்தது. ஐந்தாம் வகுப்பினருக்கான டிம்ஸ் ஆய்விலும் 2019 இன் 543, 2023 இல் 531 ஆயிற்று. கொரோனாக் காலமும் இடையில் வந்தமையால் பழி முழுவதையும் திரையின் மீது சுமத்த முடியாது. ஆயினும் அரசே திரைப் பயன்பாடு குறித்து ஆராயக் குழு அமைத்து 2024 இல் அறிக்கை பெற்றதும், அச்சுப் பாடநூல்கள் வாங்கத் தனி நிதி ஒதுக்கியதும் பெற்றோரின் கவலை வீண்கவலை அன்று என்பதைக் காட்டுகின்றன.

தமிழ்ப் பெற்றோருக்கு இதில் மேலதிகச் சுமை ஒன்றும் உண்டு. நோர்வேயில் தசமத்துக்குக் காற்புள்ளி, பெருக்கலுக்கு நடுப்புள்ளி, வகுத்தலுக்கு இருபுள்ளி. இலங்கையில் வகுத்தலைக் குறிக்கும் ÷ என்ற குறி, இங்கு நீண்டகாலமாகக் கழித்தலைக் குறிக்கவும் பயன்பட்டது. தந்தை சொன்னபடி 3.5 எனத் தட்டினால், காற்புள்ளியை எதிர்பார்க்கும் மென்பொருள் அதைப் பிழையென்றே கொள்ளும். கொப்பியைத் திருத்தும் ஆசிரியர் புரிந்துகொள்வார்; இயந்திரம் புரிந்துகொள்ளாது. விளைவு, அப்பாவுக்குக் கணக்குத் தெரியாது என்று பிள்ளை முடிவு செய்கின்றது. கணக்குத் தெரிந்த தந்தை கைகட்டி ஒதுங்குகின்றார். புள்ளி குறைவதைவிட இது பெரிய இழப்பு.

இதற்கு வழி உண்டு. முதலாவதாக, மென்பொருளில் வரும் கணக்கையும் கொப்பியில் செய்துவிட்டு விடையைத் தட்டும் வழக்கத்தைப் பெற்றோர் வீட்டில் ஏற்படுத்தலாம். செய்த வழியைப் பிள்ளை தமிழில் சொல்லட்டும். மொழி கலந்தால் குழப்பம் வரும் என்று அஞ்சத் தேவையில்லை. இருபத்திரண்டு என்று தமிழ் சொல்லும் அதே ஒழுங்கில்தான், 1951 ஆம் ஆண்டின் மாற்றத்துக்குப் பின் நோர்வீஜியமும் எண்களை உத்தியோகபூர்வமாகச் சொல்கின்றது.

இரண்டாவதாக, ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் ஆசிரியர் சந்திப்பில் புள்ளியை மட்டும் கேட்டுத் திரும்பலாகாது. எந்த வகைக் கணக்கில் பிள்ளை பிழைவிடுகின்றது, மென்பொருள் சேர்த்துவைத்த பதிவில் என்ன இருக்கின்றது, அச்சுப் பாடநூல் கிடைக்குமா என்று கேட்டல் வேண்டும். 2018 ஜூலை முதல் நோர்வேயில் நடைமுறையிலுள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளையைப் பற்றிய தரவுகளைப் பார்க்கும் உரிமையைத் தந்துள்ளது.

மூன்றாவதாக, ஒவ்வொரு பாடசாலையிலும் உள்ள பெற்றோர் செயற்குழுவில் தமிழ்ப் பெற்றோரும் அமர வேண்டும். தனியொருவரின் முறைப்பாடு மின்னஞ்சலில் புதைந்துபோகலாம்; செயற்குழுவின் கோரிக்கைக்குப் பாடசாலை பதில் சொல்லியாக வேண்டும்.

இங்கு பிறந்து வளர்ந்த இளையோருக்கும் இதில் பங்குண்டு. இரு நாட்டுக் குறியீடுகளையும் அறிந்தவர்கள் அவர்களே. வாரத்தில் ஒரு மணிநேரம் தம்பி தங்கையருடனும் பெற்றோருடனும் ஒரே மேசையில் அமர்ந்து, அம்மா வகுக்கும் முறையும் பாடசாலையில் வகுக்கும் முறையும் ஒரே விடைக்கே வருகின்றன என்று காட்டினால், மூடிய கதவு மீண்டும் திறக்கும். அதற்கு வேண்டியவை ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் மட்டுமே.